கொடிச்சி வாங்காத உப்பு

ஒரு காட்டில், காட்டுக்குக் கொஞ்சமும் தேவையில்லாத ஒரு கல்லூரி இருந்தது. அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் படித்து முடித்தவர்களுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் கூடைப்பந்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. தாளாளர் அங்கமுத்து ஒரு யானை. வேங்கை மரத்தில் பிரம்பு வளையம் கட்டி, சுற்றிலும் பலகை போட்டு, ஆட்டம் பார்க்க வருகிறவர்களிடம் தலைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வசூல் செய்தார். வளையத்தில் பந்து விழ விழ அவர் வயிறு நிறைந்தது.

ஆடுகிற மாணவர்கள் மட்டும் யாரிடமும் எதையும் வாங்கக்கூடாது. அது காட்டு விளையாட்டுக் கழகத்தின் கண்டிப்பான சட்டம். வாங்கினால் விளையாட்டின் புனிதம் கெட்டுவிடுமாம். புனிதம் கெடாமல் வாங்கும் வித்தை பெரியவர்களுக்கு மட்டும்தான் கைவந்திருந்தது.

கல்லூரியின் பயிற்சியாளர் வேலப்பன் மாஸ்டர், கரடி. அந்த வருஷமும் கோப்பை வரவில்லையென்றால் வேலை போய்விடும் என்று தாளாளர் சொல்லியிருந்ததால், ஆள் தேடி மூச்சிரைக்க மலையேறினார். உச்சிப் பாறைகளில் ஒரு வரையாட்டுப் பெண் தாவிக்கொண்டிருந்தாள். பெயர் கொடிச்சி. இந்தப் பாறையிலிருந்து கிளம்பினால் அந்தப் பாறையில்தான் இறங்கினாள். நடுவே கிடந்த பள்ளத்தைப் பார்த்த மாஸ்டர் பக்கத்துப் பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, எங்க காலேஜுக்கு வர்றியா?"

"பந்து போடலாமுங்களா?"

"தெனமும் போடலாம்."

"படிக்கலாமுங்களா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. தலையைச் சொறிந்துகொண்டார். "அதுவும் இருக்குதுன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப வர்றனுங்க சார்."

"சரி, உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாமுங்க. ஆடினாப் போதும்."

மலைமேல் தனியாகத் தாவித் தாவி அவளுக்குச் சலித்துவிட்டது. அவளோடு தாவ அங்கே வேறு யாருமில்லை. கீழே திடலில் பத்துப் பேர் ஒரு பந்துக்குப் பின்னால் ஓடுவதை மேலிருந்து பார்த்து ஏங்கியிருக்கிறாள். அந்த ஓட்டத்தில் தானும் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

தாளாளர் இதைக் கேட்டுச் சிரித்தார். "ஒண்ணும் வேண்டாங்கிறாளா? பெருசா என்னமோ எதிர்பார்க்கிறான்னு அர்த்தம். ஒரு பாறை உப்பு அன்பளிப்பு குடுத்துருவோம். கல்லூரிக் கணக்கிலயே எழுதிக்கலாம்."

வரையாட்டுக்கு உப்பு என்றால் உயிர். ஆகவே ஆளுயரப் பாறை ஒன்று கொடிச்சியின் பெயரால் வாங்கப்பட்டது. அது முதலில், பத்திரமாக இருக்கட்டும் என்று தாளாளரின் சொந்தக் கொட்டாய்க்குப் போனது. அங்கிருந்து வேலப்பன் மாஸ்டர் கைக்கு வந்தது ஒரு பூசணிக்காய் அளவு. மாஸ்டர் அதைத் தன் குகை வழியாகக் கொண்டுபோய், ஆள் பிடித்துத் தரும் தரகன் செங்கோடனிடம் ஒரு தேங்காய் அளவு கொடுத்தார். செங்கோடன் நரி. மலை ஏற ஏற அவனுக்கும் நாக்கு வறண்டது. கொடிச்சியின் முன்னால் போய் நின்றபோது கையில் இருந்தது ஒரு நெல்லிக்காய்.

"இந்தா புள்ள, தாளாளர் பிரியமாக் குடுத்து விட்டாரு."

"வேண்டாமுங்க. சட்டம் இருக்குதுங்களே."

"சட்டத்துக்கு உப்புன்னா என்னன்னு தெரியுமா? வாங்கிக்கோ."

"வேண்டாமுங்கண்ணா. திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்துருங்க."

செங்கோடனுக்கு வியர்த்துவிட்டது. எப்படித் திருப்பிக் கொடுப்பது? கொடுத்தவர் கணக்கில் அது பாறை. இவன் கையில் இருப்பது நெல்லிக்காய். நடுவே காணாமல் போனதையெல்லாம் இவனா போய்க் கேட்பான்?

"உங்கால்ல விழறேன் புள்ள. நீ வாங்கலேன்னா எங்க எல்லாருக்கும் பெரிய சங்கடமாப் போயிரும். சும்மா ஒரு நக்கு நக்கிட்டு விட்டுரு."

கொடிச்சி வாயை இறுக மூடிக்கொண்டாள். செங்கோடன் வழியில் அந்த நெல்லிக்காயையும் தின்றுவிட்டு, கீழே வந்து ஏப்பம் விட்டான். "வாங்கிட்டா மாஸ்டர். பாறையைப் பாத்ததும் அவ மூஞ்சியில வந்த சந்தோசத்தை நீங்க பாத்திருக்கணும்." மாஸ்டர் அதையே தாளாளரிடம் சொன்னார். தாளாளருக்குக் கொட்டாயில் இருக்கும் பாறை நினைவில்லாமல் இல்லை. இருந்தாலும் மனதார மகிழ்ந்தார்.

கொடிச்சி கல்லூரியில் சேர்ந்தாள். வகுப்பு இருந்த நாட்களில் வகுப்புக்குப் போனாள். அது கல்லூரிக்கே புதுமை. திடலில் அவள் எழும்பினால் வளையத்துக்கு மேலே போய்க் கீழே பார்த்துப் பந்தைப் போட்டாள். பலகைகள் நிரம்பின. வாழைத்தார் வைக்க இடமில்லாமல் தாளாளர் இன்னொரு கொட்டாய் கட்டினார். கோப்பையும் வந்தது. வேலப்பன் மாஸ்டருக்கு வேலை நிலைத்ததோடு ஒரு தேன்கூடும் கிடைத்தது.

தோற்ற எதிர்க்கரைக் கல்லூரிக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் தங்கள் அணி முழுவதையும் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். இவ்வளவு கொடுத்தும் தோற்றோமே, அப்படியானால் அவர்கள் எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று வயிறெரிந்து கழகத்தில் புகார் கொடுத்தார்கள்.

விசாரணைக்கு ஆமை தண்டபாணி வந்தார். அவர் எடுத்த விசாரணை எதுவும் புகார் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போது முடிந்ததில்லை. ஆனால் மாட்டியிருப்பது ஒரு மாணவி மட்டும்தான் என்று தெரிந்ததும் அவருக்கே கால் முளைத்துவிட்டது.

"நான் குடுத்தேன். குழந்தை கஷ்டப்படுதேன்னு இரக்கப்பட்டது தப்புங்களா?" என்று தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் துடைத்தது காய்ந்த கண்ணைத்தான்.

"நான் கை மாத்தி விட்டேன், அவ்வளவுதான்," என்றார் மாஸ்டர்.

"நான் அவ காலடியில வெச்சேன்," என்றான் செங்கோடன்.

கொடிச்சியின் முறை வந்தது. "நான் வாங்கலீங்க. சத்தியமா வாங்கலீங்க."

"வாங்கவில்லையா? அப்படியானால் உப்பு எங்கே?" என்றார் ஆமை.

"என்கிட்ட இல்லீங்களே!"

"பார்த்தீர்களா? முழுப் பாறையையும் நக்கித் தீர்த்துவிட்டாள். இவ்வளவு உயரம் எப்படி எழும்புகிறாள் என்பதும் இப்போது விளங்கிவிட்டது."

கொடுத்தவர் இரக்கத்தால் கொடுத்ததால் குற்றமில்லை. கை மாற்றியவர்கள் வெறும் கைகள்தான் என்பதால் அவர்கள் மீதும் குற்றமில்லை. வாங்கியவள் விளையாட்டின் புனிதத்தைக் கெடுத்தவள். ஒரு பாறை உப்பைக் கழகத்திடம் திருப்பிக் கட்டும்வரை அவள் பந்தைத் தொடக்கூடாது. இதுதான் தீர்ப்பு.

கொடிச்சி திடலுக்கு வெளியே நின்றாள். உள்ளே மற்றவர்கள் ஆடும் சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை அடக்க முடியாமல் வந்தது. ஒரு பாறை உப்புக்கு எங்கே போவாள்? வயதான அம்மாவும் அவளும் ஆயுள் முழுக்கச் சுரண்டினாலும் அந்த மலையில் அவ்வளவு தேறாது. தாளாளரிடமே கெஞ்சிப் பார்க்கலாம் என்று உச்சி வெயிலில் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் ஆற்றில் குளிக்கப் போயிருந்தார்.

திரும்பி வரும்போது கொட்டாயின் மதிலைத் தாண்டி ஒரு வாசனை வந்தது. அந்த வாசனையில் எந்த வரையாடும் ஏமாறாது. தாளாளர் பயந்தது மற்ற யானைகளுக்கு மட்டும்தான். ஆகவே மதிலை முட்டினாலும் அசையாத கனத்தில் கட்டியிருந்தார், உயரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. கொடிச்சி ஓடி வராமல், நின்ற இடத்திலிருந்தே உள்ளே தாவினாள்.

பூசணிக்காய் அளவு பெயர்ந்திருந்ததைத் தவிர, பாறை அப்படியே இருந்தது. மேலே சுண்ணாம்பில் 'அன்பளிப்பு: கொடிச்சி' என்று எழுதியிருந்தது. எழுத்துப்பிழைகூட இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தில் கொம்பால் ஒரே முட்டு முட்டினாள். உடைந்த கட்டிகளைத் தோளில் மாட்டியிருந்த கல்லூரிப் பந்துப் பையில் அள்ளி அள்ளிப் போட்டு, தாளாளர் முதுகு தேய்த்து முடிப்பதற்குள் அத்தனையையும் மதிலுக்கு வெளியே சேர்த்துவிட்டாள். பெயர் எழுதியிருந்த துண்டை மட்டும் நக்கிவிட்டாள்.

மறுநாள் கழகத்தின் வாசலில் உப்புக் குவியலைப் பார்த்துக் காடே வாயைப் பிளந்தது. தாளாளர் தும்பிக்கையால் ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைத்தார். அவர் முகம் கறுத்தது.

"இது எங்க கொட்டாய் உப்பு மாதிரியில்ல இருக்குது?"

"பின்னே? நீங்கள் கொடுத்ததுதானே!" என்றார் ஆமை.

தாளாளர் வாயைத் திறந்தார். காணாமல் போனது என் பாறை என்று சொன்னால், அது என் கொட்டாயில் ஏன் இருந்தது என்றும் சொல்ல வேண்டுமே என்று நினைத்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

வாங்கியதைச் சிந்தாமல் சிதறாமல் திருப்பிக் கொடுத்த முதல் மாணவி என்று கழகம் கொடிச்சியைப் பாராட்டி, அந்த ஆண்டின் நேர்மை விருதை அவளுக்கே அளித்தது. ஆமை கேட்டுக்கொண்டதால் தாளாளரே மாலை போட வேண்டியதாயிற்று. உப்பு ஆமையின் பொறுப்பில் பத்திரமாக வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

விழா முடிந்ததும் வேலப்பன் மாஸ்டர் கொடிச்சியை ஓரமாக அழைத்தார். "ஏங்கண்ணு, உண்மையச் சொல்லு. அவ்வளவு உப்பு ஏது உனக்கு?"

"நீங்க எல்லாரும் குடுத்ததுதானுங்க சார்," என்று சொல்லிவிட்டு, கொடிச்சி பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடினாள்.

நீதி: நேர்மையானவர் என்று பெயரெடுக்க ஆசைப்படுகிறவர்கள், அதற்கு ஆகும் உப்பை முதலில் திருடி வைத்துக்கொள்வது நல்லது.