ஊசிக்கு ஞானத்தகப்பன்

அன்புத் தங்கை எர்மெலிந்தாவுக்கு அண்ணன் உபால்தோ எழுதுவது.

நான் நலம். நீ நலமா என்று கேட்பது மரியாதை, கேட்டதாக வைத்துக்கொள். இரண்டு தெரு தள்ளி இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். உன்னோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். எழுதுவதில்லை என்று செய்யவில்லை.

உன் மகள் யரேலிக்குப் பதினைந்து வயது நிறைகிறது, விழாச் செலவைச் சொந்தக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம், சரி. கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், கிரீடத்துக்கு ஒரு ஞானத்தாய், செருப்புக்கு ஒருத்தி. பாட்டுக் கச்சேரியை நான் ஏற்றுக்கொள்வதாக இருந்தேன். நீ என்ன செய்தாய்? பூசை முடிந்து ஊரே நிற்கும்போது மைக்கைப் பிடித்து, "எங்க உபால்தோ அண்ணன்தான் கொரோனா தடுப்பூசிக்கு ஞானத்தகப்பன். விழாவுக்கு வர்ற அத்தனை பேரையும் ஊசி போட வச்சுக் கூட்டிட்டு வருவாரு" என்றாய். ஞானத்தகப்பனாக மாட்டேன் என்று சொன்னவன் நம் சனத்தில் உண்டா? அது தெரிந்துதானே என் தலையில் கட்டினாய்? சுகாதாரத் துறையில் வேலை கிடைத்ததும் சொந்த அண்ணனே உனக்கு விளம்பரப் பலகை ஆகிவிட்டானா?

அந்த ஊசி போட்டால் காந்தம் மாதிரி கையில் ஸ்பானர் ஒட்டிக்கொள்ளும் என்று இதே டயர் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். நீ மைக்கில் சொன்ன மறுநாளே பஞ்சர் ஒட்ட வந்த சொலேதாத் அக்கா ஸ்பானரை எடுத்து என் கையில் வைத்துப் பார்த்தாள். "ஒட்டலையே தம்பி. அப்ப நீயே இன்னும் போடல. அப்புறம் எங்களுக்கு எதுக்கு ஞானத்தகப்பன் வேலை பாக்குற?" கடையில் நின்றவன் எல்லாம் சிரித்தான். பஞ்சருக்குக் காசும் கொடுக்காமல் போனாள்.

அதோடு விட்டாயா? சனிக்கிழமை கோவில் வாசலுக்கு ஊசி வண்டியோடு வந்தாய். வெள்ளை வண்டி, கறுப்புக் கண்ணாடி, முன்னால் சீருடைக்காரன் ஒருவன். நாடு கடத்த வந்த குடியேற்றத் துறை ஆட்கள் என்று தெருவே காலியாகிவிட்டது. சோளமாவுத் தமாலே அவித்து விற்பவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். என்னிடம் எல்லாக் காகிதமும் இருக்கிறது, இருந்தும் லாரிக்கு அடியில் போய்ப் படுத்தேன். கால் என்னைக் கேட்கவில்லை. நீ கையில் பலூனோடு நடுத்தெருவில் நின்று, "பயப்படாதீங்க, ஊசி போடத்தான் வந்திருக்கோம்" என்று கத்தினாய். அதைக் கேட்டு மிச்சம் நின்றவர்களும் ஓடினார்கள். அப்போது உன்னோடு வந்த டை கட்டிய சின்ன டாக்டர் லாரிக்கு அடியில் குனிந்து எனக்குப் பாடம் நடத்துகிறான்: "உங்க ஆளுங்களுக்கு நம்பிக்கை ரொம்பக் கம்மி."

நம்பிக்கையாம். நம் எலூதெரியோவுக்கு அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்தபோது, அவன் வேலை பார்த்த திராட்சைக் கொட்டகை மேஸ்திரி என்ன சொன்னான்? "நிக்க முடிஞ்சா வேலைக்கு வா." நின்றான் நம் தம்பி. விழுகிறவரை நின்றான். அன்றைக்கு எந்த வண்டி வந்தது? நீ சுகாதாரத் துறைக்குப் போன் போட்டு, காத்திருக்கச் சொல்லி அவர்கள் போட்ட பாட்டைத்தானே கேட்டாய்? அவன் சவப்பெட்டியைக்கூடத் தூரத்தில் நின்று பார்த்தோம். அன்று வராதவர்கள் இன்று பலூனோடு வந்து எனக்கு நம்பிக்கை இல்லை என்கிறார்கள்.

ஆகவே இத்தனை காலத்து வழக்கத்தையும் மீறி இந்தப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள். யரேலிக்கு என் ஆசி. குவாதலூப்பே மாதா உன்னைக் காப்பாற்றட்டும், முதலில் உன் நாக்கை.

கோபம் தீராத அண்ணன்,
உபால்தோ

பி.கு.: எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். நான் இடது கைக்காரன் என்று தெரியாமல் அந்த நர்ஸ் இடது கையிலேயே குத்திவிட்டாள். உனக்காகப் போட்டுக்கொள்ளவில்லை. முந்தாநாள் யரேலி கடைக்கு வந்தாள். "விழாவுல எலூ மாமா என்கூட ஆட வேண்டிய ஆட்டத்தை நீங்க ஆடுறீங்களா மாமா? ஆடிட்டு நீங்களும் போயிடாதீங்க" என்றாள். மறுநாளே போய்ப் போட்டுக்கொண்டேன்.

சொலேதாத் அக்காவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். இனி அந்த வண்டியைக் கோவில் வாசலில் நிறுத்தாதே. கண்ணாடிக் கறுப்பைக் கிழித்துவிட்டு, சீருடைக்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கொட்டகை வாசலுக்குக் கொண்டுவா, வேலை மாறுகிற நேரத்துக்கு. தம்பியோடு நின்றவர்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள். நான் கூப்பிட்டால் வருவார்கள். முதல் ஊசி மேஸ்திரிக்கு. அவனை நான் பிடித்துக்கொள்கிறேன்.