புன்னைத்தாங்கல் ரயில் நிறுத்தம் மூடப்பட்ட உண்மைக் காரணம்

செவிலிமேடு

பெருமதிப்பிற்குரிய தாய்மாமா வெங்கடேசன் அவர்களுக்கு, தங்கை மகள் துளசி, எட்டாம் வகுப்பு, வணங்கி எழுதுவது. நாங்கள் நலம். தங்கள் நலமும் தங்கள் ஏரித் தண்ணீரின் நலமும் அறிய ஆவல்.

அடுத்த மாதம் தம்பி அஜித்துக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. நீங்களோ, "உங்கப்பா கவுன்ட்டர்ல தூங்கிக்கினே ஸ்டேஷனை மூட வெச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. ஆகவே அந்த நிறுத்தத்தின் வரலாற்றை நடுநிலையோடு ஆராய்ந்தேன்.

நீங்கள் அலைந்து மனுக் கொடுத்துத்தான் புன்னைத்தாங்கலில் ரயில் நின்றது. இதை வரலாறு மறக்காது. கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. பிழை அங்கேதான் தொடங்கியது, ஏனென்றால் அப்பா உங்கள் ஊர் மாப்பிள்ளை. முதல் நாள் அவருக்கு மாலை போட்ட நீங்களே, "நம்ம மாப்ள கையில சில்லறைய வெச்சி டிக்கெட் வாங்கறதா? ஊருக்கு இன்னாபா மரியாதை?" என்று சத்தமாகக் கேட்டீர்கள், ஊரே அதைப் பிடித்துக்கொண்டது, முனுசாமி தாத்தா ஒரு பூசணிக்காயை வைத்துவிட்டு ரயில் ஏறினார், பொன்னியம்மாள் கத்தரிக்காய் வைத்தார், யாரோ உயிருள்ள சேவலையே விட்டுப் போக, அது டிக்கெட் கட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, "வாயத் தொறந்து கேளேன்யா!" என்று அம்மா கத்தினாள், "மாமனார் ஊர்ல கை நீட்டச் சொல்றியா?" என்று அப்பா முறுக்கிக்கொண்டார். ரயில் பெட்டி நிறையக் கூட்டம். டிக்கெட் விற்காததால் ரயில்வே கணக்கில் ஆளே இல்லை. ஒரு பொங்கலுக்கு நின்ற ரயில் அடுத்த பொங்கலுக்கு நிற்கவில்லை.

ஆகவே அப்பா தூங்கவில்லை. நன்றாக விழித்திருந்துதான் மூடவைத்தார், நீங்களும் துணை நின்றீர்கள். இருவர்மேலும் தவறு உண்டு. அஜித்தின் காதுகளுக்கும் ரயில்வேக்கும் சம்பந்தமில்லை. அவசியம் வரவும்.

அத்தைக்கு வணக்கம், மாடுகளுக்கு அன்பு.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகள்,
ரா. துளசி

பி.கு.: அம்மா இதை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டாள். தாய்மாமனைத் தபாலில் அழைப்பது முறையில்லையாம். "கிழிச்சிப் போடுடி" என்றாள். அஞ்சல் தலை ஒட்டியாயிற்றே. ஆகவே இக்கடிதம் எழுதப்படவில்லை என்று கொள்ளவும். வரும் ஞாயிறு வெற்றிலைபாக்குத் தட்டை அப்பாவே ஏந்திக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருகிறார். என்ன சொல்வதென்று காலையிலிருந்து கண்ணாடி முன் பழகுகிறார். ஒரு சொல்லும் வரவில்லை. எனவே, ஒன்றும் தெரியாதவர்போல், "வா மாப்ள" என்று நீங்களே முந்திக்கொள்ளவும்.