தூங்காத தம்பியின் பதினான்கு நாள் பதிவேடு

அன்பும் மதிப்பும் மிக்க அத்தைக்கு,

நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். நீங்கள் வேலை பார்க்கும் ஆய்வுப் பிரிவு அனுப்பிய பதிவேட்டை நான்தான் நிரப்பினேன். தம்பி மாதிரி குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் பிறந்தவர்களுக்கு அலர்ஜி மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தினமும் அதில் எழுத வேண்டும். அன்று டாக்டர் ஒரு படம் காட்டினாரே, காயப்போட்ட காலுறைகள் மாதிரி ஜோடி ஜோடியாக! அதில் ஒன்றே ஒன்று மட்டும் கொஞ்சம் குட்டை. தம்பி அதைத் தொட்டு, "ஐ, இது நான்!" என்றான். அவ்வளவு சின்ன இடத்தில் எத்தனை சங்கதி இருந்திருக்கிறது! நான் திறந்த வாயை இன்னும் மூடவில்லை.

அதைவிட அதிசயம், மாத்திரை போட்டால் தூக்கம் வரும் என்று அட்டையிலேயே எழுதியிருந்தும் தம்பிக்கு வரவே இல்லை! தினமும் காலையில் அப்பா டீயோடும் தம்பி மாத்திரையோடும் அருகருகே உட்காருகிறார்கள், முடித்ததும் இவன் நாற்காலியைப் பஸ்ஸாக்கி ஓட்டுகிறான், அப்பாவோ தையல் மெஷின்மேல் கவிழ்ந்துவிடுகிறார், நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் தைத்துவிட்டார், சட்டைக்காரர் வந்து "யாருக்குண்ணே இது, நண்டுக்கா?" என்று கேட்க, அம்மா "ராத்திரியெல்லாம் புள்ளைக்கு அரிக்கிற முதுகைத் தடவிவிட்டா பகல்ல இப்படித்தான்" என்றார். ஆமாம், அரிப்பு மட்டும் குறையவில்லை. அதை 'மேலும் ஆராய வேண்டியது' என்று எழுதியிருக்கிறேன்.

தூக்கம் வரவில்லை என்று பதிவேடு காட்டினால், மாத்திரை போட்டுக்கொண்டே தம்பி பள்ளிக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பை வாங்கியாயிற்று, அவன் அதை மாட்டிக்கொண்டேதான் சாப்பிடுகிறான். ஆகவே இணைத்துள்ள பதிவேட்டை உடனே டாக்டரிடம் சேர்த்துவிடுங்கள்.

உங்களுக்கு வணக்கமும், அந்தக் குரோமோசோம் படத்துக்குத் தனி வணக்கமும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அப்பாவின் டீ கிளாஸைக் கழுவப் போனேன். அடியில் பாதி கரைந்த மாத்திரை! "ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்று தம்பியைக் கேட்டேன். "அப்பா தூங்கவே மாட்டேங்குறாருக்கா. பாவம்ல?" என்றான். பதினான்கு நாளும் இதேதானாம். அத்தை, பதிவேட்டை டாக்டரிடம் கொடுத்துவிடாதீர்கள், புதிதாக ஒன்று அனுப்புங்கள். நாளையிலிருந்து அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். அந்தக் குட்டைக் குரோமோசோமில் எதெல்லாம் இல்லை என்று டாக்டருக்குத் தெரியுமாம். அப்பா பாவம் என்று நினைக்கிற இடம் எந்தத் துண்டில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.