வெறும் வயிற்றில் போடிமெட்டு

எங்கள் ஊரில் "சாப்ட்டாச்சா?" என்று கேட்டால் யாரும் "இல்லை" என்று சொல்வதில்லை. பட்டினி கிடந்தாலும் "ஆச்சு" என்பதுதான் மரியாதை. இது போடிக்காரியான எனக்கும் தெரியும். (அரசு மருந்தாளுநராக நிற்கும்போது மட்டும் மறந்துபோனது.)

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில், போடிமெட்டுக்குக் கீழே உள்ள ஏலத்தோட்டங்களில் எலிக்காய்ச்சல் வந்தது. சேற்றில் நிற்கிற காலில் ஒரு சிறு வெட்டு இருந்தால் கிருமிக்கு அது போதும். தோட்டத்தில் காய் எடுக்கும் பேச்சியக்காவின் வீட்டுக்காரர் அப்போதுதான் பிழைத்து வீடு திரும்பியிருந்தார். தொழிலாளர்களுக்கு வாரம் ஒரு தடுப்பு மாத்திரை தர வேண்டும். விடிந்தும் விடியாமலும் மலையேறுகிறவர்களை ஜீப்பு ஸ்டாண்டில்தான் பிடிக்க முடியும் என்று டாக்டரிடம் சொல்லி, நானே போய் நின்றேன்.

சாப்பிட்ட பிறகு விழுங்க வேண்டிய மாத்திரை அது. கர்ப்பமா, ஒவ்வாமை உண்டா, சாப்ட்டாச்சா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு டிக் அடித்தேன். சாப்பாடு எல்லாருக்கும் ஆச்சு. ஆனால் மாத்திரைக்கு மட்டும் ஒரு கையும் நீளவில்லை.

பேச்சியக்காதான் முன்னால் வந்தார். "அந்தக் காய்ச்சல் என்ன பண்ணும்னு எங்க வீட்ல வந்து பாருங்கடி. கொண்டா தாயி, நான் முழுங்குறேன். நீயும் ஒண்ணு போடு. சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா." (நான் காப்பிகூடக் குடித்திருக்கவில்லை.) நாங்கள் இருவரும் விழுங்கியதைப் பார்த்து மற்றவர்களும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

பக்க விளைவுகளைக் கண்காணிப்பதற்காக ஜீப்பிலும் ஏறிக்கொண்டேன். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி மலை வளைவுகள் தொடங்கியதும் முதல் பக்க விளைவு தெரிந்தது. அது நான்தான்.

"முருகண்ணே, ஓரங்கட்டுங்க!"

டிரைவர் ஓரங்கட்டுவதற்குள் பேச்சியக்காவின் மடி நனைந்துவிட்டது. என்னைப் பார்த்து இன்னும் மூன்று பேர் இறங்கி ஓடினார்கள்.

"வெறும் வயித்துலயா போட்ட?" என்றார் பேச்சியக்கா.

"நீங்க எல்லாரும் சாப்ட்டாச்சுன்னீங்களே?"

"இந்த வளைவுல வர்றவ எவ சாப்ட்டு வருவா? தோட்டத்துல போயித்தான் சோத்துத் தூக்கத் தொறப்போம். கேட்டா வேற என்னத்தச் சொல்றது? நீ மட்டும் என்ன சொன்ன?"

பதிலுக்கு, பட்டம் படித்த நான் சாலையோரம் குனிந்து மறுபடியும் வாந்தியெடுத்தேன். ஒருத்தி என் நெற்றியைத் தாங்கினாள். இன்னொருத்தி சடையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெரசா ஏறுங்க, கங்காணி ஏசுவான்!" என்றார் முருகண்ணன்.

"ஏசட்டும்ணே. பச்சப்புள்ளய ரோட்டுல விட்டுட்டா போறது?" என்றார் பேச்சியக்கா.

தன் தூக்கிலிருந்து மோர்ச்சோறு ஒரு வாய் ஊட்டினார். அதை விழுங்கும்போதுதான் அழுகை வந்தது. இனி என் கையால் இவர்கள் மாத்திரை வாங்கமாட்டார்கள்; நாளைக்கு இவர்களில் ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் அது என்னால்தான்.

அடுத்த வாரமும் ஸ்டாண்டுக்குப் போனேன். "மாத்திரை இங்க இல்லக்கா. தோட்டத்துக்கு வர்றேன், நீங்க சாப்ட்டு முடிச்சதும் தர்றேன்," என்றேன். எல்லாரும் பேச்சியக்காவைப் பார்த்தார்கள்.

"அவளுக்கு ஓரத்து சீட்ட விடுங்கடி," என்றார் பேச்சியக்கா. "இந்தத் தடவ என் மடி தாங்காது."

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. அன்று தோட்டத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் விழுங்கினார்கள்.

அதன் பிறகு எந்த ஜீப்பில் ஏறினாலும் எனக்கு ஓரத்து இடம்தான். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஸ்டாண்டில் விசாரித்தார்களாம். முருகண்ணன் சொல்லியிருக்கிறார்: "தங்கமான புள்ள. மலைப்பாதையில மட்டும் மாப்ளய கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க."