எண்பதுக்கு மேல் ஏறாத லேப்டாப்

நாமகிரிப்பேட்டை,
வைகாசி 9.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை கவின் அவர்களுக்கு, மாமனார் சின்னண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் அத்தை வசந்தாமணியும், மாடு கன்று உட்பட, சௌக்கியம். அங்கே ஜெர்மனியில் தாங்களும், ஏழு மாத வயிற்றோடு இருக்கும் எங்கள் மகள் யுவஸ்ரீ பாப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், நான் தங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. போனில் கேட்டால் பாதியிலேயே "அட உடுங்க மாமா" என்று மறித்துவிடுவீர்கள். அதனால் காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசிவரை படிக்கவும்.

போன பொங்கலுக்கு வந்தபோது, "பாப்பாவைப் பெருசாப் பாருங்க மாமா" என்று தங்கள் லேப்டாப்பை எங்களிடம் விட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து அது ஹாலில் பிளக்கில் செருகியபடியே இருந்தது. புதன்கிழமை காலை பத்தரைக்கு வீடியோவிலேயே வளைகாப்பு என்று நாள் குறித்து, சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான், அதே புதன்கிழமை ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை பராமரிப்புக்காகக் கரண்ட் இருக்காது என்ற அறிவிப்பு வந்தது. யாரைக் குறை சொல்வது? முப்பத்தாறு வருஷம் லைன்மேனாக இருந்து, ஊர் ஊராக அந்த அறிவிப்பை ஒட்டினவனே நான்தான். நம் வீட்டில் இன்வெர்ட்டரும் கிடையாது. ஊருக்கே கரண்ட் கொடுத்தவன் வீட்டில் அது எதற்கு என்று நான் வீறாப்பாக இருந்தது தங்களுக்கே தெரியும். சரி, லேப்டாப் பேட்டரியை நூறு வரை ஏற்றி வைத்துக்கொண்டால் ஒப்பேற்றிவிடலாம் என்று திங்கள்கிழமை காலை கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன், எண்பது. மத்தியானம் பார்க்கிறேன், எண்பது. பிளக் போட்டிருக்கிறது ஆனால் சார்ஜ் ஏறவில்லை என்று அதுவே ஒரு வரி எழுதிக் காட்டுகிறது. என் வாழ்நாளில் என் வீட்டுக் கரண்ட்டை வேண்டாம் என்று சொன்ன முதல் சாமான் அதுதான், மாப்பிள்ளை.

டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. ஃபியூஸ் கம்பியை மாற்றினேன். எர்த் குழியில் உப்பைக் கொட்டி நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஹால் பிளக், கிரைண்டர் பிளக், பாத்ரூம் ஹீட்டர் பிளக் என்று ஒன்று விடாமல் செருகிப் பார்த்தேன், எண்பது. கடைசியில் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மச்சினி அங்கம்மாள் வீட்டுக்கே நடந்தேன், அவள் வீட்டுக்கு வேறு டிரான்ஸ்பார்மர். அங்கேயும் எண்பது. அங்கம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மாமா, அதுக்கு வகுறு ரொம்பிப்போச்சாட்ட இருக்குதுங்க. போதும்ங்குதுல்லொ, உட்டுருங்களே" என்றாள். பொம்பளைக்குக் கரண்ட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அதற்கும் சேர்த்து இந்தக் கடிதத்திலேயே மன்னிப்பு.

இப்போது நான் சொல்லப்போவதுதான் சொல்லக் கூசுகிற இடம். வீட்டுக்கு வந்து தங்கள் அத்தையிடம், "உம்பட மாப்பிள்ளை ஓட்டப் பொட்டியக் கொண்டாந்து நம்ம தலைல கட்டிட்டுப் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வாயக் கழுவுங்க. எம் மாப்பிள்ளை கெட்டதக் குடுக்க மாட்டாரு. உங்க கரண்ட்டுத்தான் கெட்டது" என்றாள். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு மேலதிகாரிகூட என்னை அப்படிப் பேசியதில்லை. அன்று நான் சோறு உண்ணவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை, செல்போன் கடைக்காரர் "ஒருக்காச் சுத்தமா எறக்கிப்போட்டு ஏத்துங்க" என்று யோசனை சொன்னார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காலையிலிருந்து பக்திப் பாட்டைப் போட்டு ஓடவிட்டேன். இருபதுக்கு வந்ததும் திரை தானாக மங்கியது. சரி, பார்வையும் போயிற்று என்று நினைத்தேன். ஐந்துக்கு வந்ததும் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. பதறிப்போய்ப் பிளக்கைச் செருகி, ஜன்னல் வெயிலில் இருந்த மேஜை மேலேயே வைத்தேனா, கொஞ்சம் ஏறியது, அப்புறம் நின்றுவிட்டது. தொட்டால் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. உள்ளே தூக்கி வந்து டேபிள் ஃபேன் முன்னால் வைத்து, பிரசவம் ஆன பொம்பளையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சூடு ஆறியதும் மறுபடி ஏற ஆரம்பித்தது. எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது. அதோடு சரி.

புதன்கிழமை ஒன்பதுக்குக் கரண்ட் போயிற்று. பத்தரைக்கு நம் ஹாலில் முப்பது பெண்கள். என் போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்தேன். அங்கே காலை ஏழு மணி. பாப்பா பச்சைப் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். தங்கள் அத்தை சந்தனத்தை எடுத்தாள், ஒரு கணம் எங்கே வைப்பது என்று திகைத்தாள், பிறகு திரையிலேயே பாப்பாவின் கன்னத்தில் வைத்தாள். அவளைப் பார்த்து ஆறு பேர் வைத்தார்கள். அப்புறம் பாப்பாவின் முகமே தெரியவில்லை. துடைத்துவிட்டு, முகம் நன்றாகத் தெரியட்டும் என்று அங்கம்மாள் வெளிச்சத்தை முழுசாக வைக்கச் சொன்னாள். சார்ஜ் விறுவிறுவென்று இறங்கியது. அங்கே வளையல் போட பெண்கள் யாரும் இல்லாததால் தாங்களே பாப்பாவின் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தீர்கள். இங்கே எல்லாரும் சிரித்தார்கள். ராசம்மாள் பெரியம்மா, "மெதுவாங்க சாமி, ஒடஞ்சுபோயிரும், வெரல் முட்டிய ஒதுக்கிப் போடுங்க" என்று வழிசொன்னார். ஐந்தாவது வளையலுக்கு யாரும் சிரிக்கவில்லை. தங்கள் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் திரை மங்கியது.

எட்டில் இருக்கும்போது நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எதிரே கோழிப்பண்ணையில் லோடு ஏற்றிய முட்டை லாரி நின்றது. டிரைவர் வாஜித் சேலத்துக்காரர். "பாய், உங்க வண்டில சார்ஜர் இருக்குதுங்களா? மகளுக்கு வளைகாப்புங்க!" என்றேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்ஜினைப் போட்டு, செல்போன் சார்ஜரின் வயரை நீட்டினார். செருகியதும் இந்தச் சார்ஜருக்குத் தெம்பு போதாது என்று லேப்டாப் ஒரு குறை சொன்னது, ஆனாலும் ஏற்றுக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, எட்டிலேயே நின்றது. தங்கள் அத்தையைக் கேபினில் ஏற்றி உட்கார வைத்தோம். மற்றவர்கள் ஆரத்தித் தட்டோடு லாரியைச் சுற்றி நின்றார்கள். சிலர் பின்னால் ஏறப் பார்க்க, வாஜித் பாய், "அக்கா, அங்க வேணாங்க, முட்டை, முட்டை!" என்று ஓடினார். பாப்பாவின் மீதி வளையல் அத்தனையும் அந்த லாரிக்குள்தான் நடந்தது.

அப்போதுதான் நான் கேபினுக்குள் தலையை நீட்டி, எண்பதுக்கு மேல் ஏறாத கதையைத் தங்களிடம் புலம்பினேன். தாங்கள் முழித்தீர்கள். "அய்யோ மாமா, அது நான் வெச்சதுங்க. எந்நேரமும் பிளக்குலயே இருக்கற பொட்டி, நூறுலயே நின்னா பேட்டரி சீக்கிரம் உப்பிப்போயிருமுங்க. அதனால எண்பதோட நிறுத்திக்கச் சொல்லி உள்ளயே வெச்சுட்டுப் போனனுங்க. உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டன்" என்றீர்கள். சூடானால் நிறுத்துவதும், இருபதில் மங்குவதும், ஐந்தில் கண்ணை மூடுவதும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வேலைதான் என்றும் சொன்னீர்கள். முப்பது பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நாஞ் சொன்னனா இல்லீங்களா" என்றாள் அங்கம்மாள். தங்கள் அத்தையோ, அன்று மத்தியானம் இலையில் எனக்கு மட்டும் ரெண்டு ஒப்புட்டு கூடுதலாக வைத்தாள், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை, நானும் என் லைனில் எந்த டிரான்ஸ்பார்மருக்கும் முழு லோடு ஏற்ற விட்டதில்லை. தாங்கள் செய்ததும் அதேதான். அது தெரியாமல் தங்களைக் குறை சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். வளையல் உடையாமல் போட்ட கை, என் மகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. இனி அந்த லேப்டாப்பில் என் சுண்டுவிரல்கூடப் படாது. இது சத்தியம்.

தாங்களும் பாப்பாவும், வரப்போகிற சின்னவரும் குறைவில்லாமல் இருக்க அறப்பளீஸ்வரர் கூடவே இருக்கட்டும். சம்பந்தி வீட்டாருக்கு எங்கள் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்,
சின்னண்ணன்.

பின்குறிப்பு: மூன்று பக்கம் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் லேப்டாப்பில் ஏதோ அப்டேட் என்று கேட்டது. சரி என்று அமுக்கிவிட்டேன். அணைந்து எழுந்தது, தாங்கள் வைத்த கட்டு போயிற்றோ என்னவோ, இப்போது எண்பத்தொன்று காட்டுகிறது! தங்கள் அத்தை சூடத்தைப் பற்ற வைக்கிறாள், நானோ பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். எழுபதுக்கு இறங்கினால் செருகுகிறேன், எண்பது வந்தால் பிடுங்குகிறேன். பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. நான் இன்னும் குளிக்கவில்லை, மாப்பிள்ளை. உடனே போன் செய்யவும்.