வெந்நீர்த் தொட்டிக்குக் காவல்காரன்

இந்தக் குளிர்காலம் ஒரு வால்நட்கூட உடைப்பதில்லை என்று சபதம் எடுத்தேன்.

சிரிக்காதீர்கள். உங்களுக்கும் மூன்று மைத்துனிகள் இருந்தால் தெரியும். எங்கள் ச்சீக் மலைப்பக்கம் பனி விழத் தொடங்கினால் என் மனைவி பிரோஷ்காவின் அக்காமார் மூவரும் தினம் சாயங்காலம் எங்கள் சமையலறைக்கு வந்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ் ரொட்டிச் சுருளுக்கு வால்நட் பருப்பு வேண்டும். நான்கு வீட்டுக்கும் சேர்த்து. பெண்கள் பேசுவார்கள், நான் உடைப்பேன். அக்காமாரின் கணவர்கள் கெட்டிக்காரர்கள். ஒருவருக்கு இடுப்பு வலி. ஒருவருக்குக் கண் மங்கல். மூன்றாமவர் இறந்தே போய்விட்டார். எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை.

அதனால்தான் வெந்நீர்த் தொட்டி வாங்கினேன். வட்டமான மரத்தொட்டி. ஐந்து பேர் கழுத்தளவு நீரில் உட்காரலாம். பக்கத்தில் ஓர் இரும்பு அடுப்பு, அதற்கு நெடுநெடுவென்று ஒரு புகைபோக்கி. "உன் முழங்கால் வலிக்காகத்தான்" என்று பிரோஷ்காவிடம் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. அப்போதே எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கோடை முழுதும் தொட்டி வெயிலில் காய்ந்து கிடந்தது. இலையுதிர்காலம் முடியும்போது தண்ணீர் ஊற்றினேன். ஊற்றியது எல்லாம் பலகை இடுக்கு வழியாக என் பூட்ஸுக்குள் வந்தது. பக்கத்து வீட்டு தேனெஷ் வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

"என்னடா லாசார், தொட்டி வாங்கினியா, சல்லடை வாங்கினியா?"

"மரம் ஊறணும்டா. ஊறினா உப்பும். உப்பினா இடுக்கெல்லாம் தானா அடைச்சுக்கும்."

"எங்க மாமியாரும் அப்படித்தான். வந்து ரெண்டு நாள் ஆச்சுன்னா வீட்டுல ஒரு இடுக்கு மிஞ்சாது."

மரம் உப்பியது. ஒழுக்கு நின்றது. நான் அடுப்புக் கரியைச் சுரண்டினேன். வெளிக்குழாய் உறையாமலிருக்க வைக்கோல் சுற்றிக் கோணி கட்டினேன். மூடிக்குக் கைப்பிடி மாட்டினேன். ஒரு கொட்டகை நிறைய விறகு பிளந்தேன். வால்நட் உடைக்காமல் இருப்பதற்காக ஒரு காட்டையே உடைத்தேன் என்று சொல்லலாம்.

இனி என் மூளையின் வேலை. குளிர்காலத்தில் தொட்டியை எப்படி வைத்துக்கொள்வது என்று எங்கள் ஊரில் தொட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். குளித்து முடித்ததும் நெருப்பை அவித்து, தண்ணீர் சூடாக இருக்கும்போதே அடைப்பானைச் சாவியால் திருகித் திறந்துவிட வேண்டும். தண்ணீர் உறைந்தால்தானே மரம் பிளக்கும்? தொட்டி காலி, ஆபத்தும் காலி. நான் இதை அப்படியே தலைகீழாகப் புரட்டினேன்.

"பிரோஷ்கா, ஒரு சிக்கல்" என்றேன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"என்ன?"

"இந்தத் தொட்டியைக் காலி பண்ணவே கூடாதாம். பண்ணினா பனியில மரம் வெடிச்சிடும். தண்ணி எப்பவும் இருக்கணும். தண்ணி இருந்தா நெருப்பும் இருக்கணும். நெருப்பு இருந்தா..."

"ஆள் இருக்கணும்."

"அதேதான்! நான்தான் சாயங்காலமெல்லாம் அங்க உட்காரணும். என்ன பண்றது? உன் முழங்காலுக்காக."

பிரோஷ்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாவம் நீ" என்றாள். "தொப்பி போட்டுக்கிட்டு உட்காரு."

அடடா, என்ன ஒரு வாரம் அது! உடம்பு வெந்நீரில், தொப்பி பனியில், கையில் பிளம் சாராயம். தேனெஷ் எதிரே மிதப்பான். சமையலறை ஜன்னலில் நான்கு தலைகள் தெரியும். வால்நட் உடையும் சத்தம் கேட்கும். அது என் கை உடைப்பது அல்ல என்று நினைத்தாலே எனக்குள் தேவாலய மணி அடித்தது. பிரோஷ்கா மட்டும் தொட்டிப் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அக்காமாரும் வருவார்களே!

வெள்ளிக்கிழமை அவள் கூடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அம்புருஷ் வீட்டுல பன்னி வெட்டு" என்றாள்.

அம்புருஷ் அவளுடைய தம்பி. மேல்கிராமத்தில் இருக்கிறான். அவன் வீட்டுப் பன்றி வெட்டு என்றால் சும்மா இல்லை. வைக்கோலில் வாட்டிய தோல், குடலில் அடைத்த சுடச்சுட ஈரல் தொத்திறைச்சி, பொரிந்த கொழுப்பு, புளித்த முட்டைக்கோஸில் சுருட்டிய இறைச்சி. கிறிஸ்துமஸைக்கூட நான் இவ்வளவு எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை.

"தெரியும், தெரியும்! கத்தி தீட்டி வெச்சிட்டேன்" என்றேன்.

"நீ எப்படி வருவ? தொட்டிய யாரு பாத்துக்கிறது?"

சட்டென்று வேலிப்பக்கம் கை காட்டினேன்.

"தேனெஷ் பாத்துப்பான்."

"தேனெஷையும் அம்புருஷ் கூப்பிட்டிருக்கான். பின்னங்கால் பிடிக்க ஆள் வேணுமாம்."

"அப்ப இன்னிக்கே தண்ணிய இறக்கிடறேன். ஒரு நாள்தானே?"

"ஐயோ!" கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "மரம் வெடிச்சிடும்னு நீதானே சொன்ன? என் முழங்காலுக்குன்னு வாங்கினது. நான் அதுல ஒரு காலக்கூட வெக்கல. அதுக்குள்ள வெடிக்க விடுவியா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். உண்மையைச் சொன்னால் வால்நட். சொல்லாவிட்டால் தொத்திறைச்சி இல்லை. பாவி மனது தொட்டியைத்தான் தேர்ந்தெடுத்தது.

விடிந்ததும் எல்லோரும் வண்டியில் கிளம்பினார்கள். தேனெஷ் என் கத்தியை இரவல் வாங்கிக்கொண்டு போனான். அந்த வலி வேறு.

நாள் முழுதும் விறகு போட்டேன். மேல்கிராமத்திலிருந்து வைக்கோல் புகை எழுந்து மலைமேல் நின்றது. என் மூக்கு அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. மத்தியானம் பொறுக்க முடியாமல் நெருப்பை அவித்து, அடைப்பானைத் திறந்துவிட்டு ஓடிவிடலாம் என்று குனிந்தேன். அடைப்பானைத் திருகும் சாவி எப்போதும் தொங்கும் ஆணியில் இல்லை. அது எங்கே போகும் என்று யோசித்துக்கொண்டே உலர்ந்த ரொட்டியைத் தின்றேன்.

பொழுது சாயும்போது வண்டி வந்தது. பிரோஷ்கா இறங்கினாள். மூன்று அக்காமாரும் இறங்கினார்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் கோட்டைக் கழற்றினார்கள். உள்ளே நீச்சல் உடை!

"சூடா இருக்கா லாசார்?" என்றாள் மூத்த அக்கா. "காலையிலேர்ந்து உன்னை நம்பித்தான் குளிரைத் தாங்கிக்கிட்டிருந்தோம்."

இறங்கினார்கள். தண்ணீர் விளிம்பு வரை ஏறியது. பிரோஷ்கா முழங்காலை நீட்டி, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டாள். முகத்தில் பத்து வயது குறைந்தது. எனக்கு உண்மையாகவே மனம் இளகிவிட்டது. இவளை முதல் நாளே கூப்பிட்டிருக்கலாம், முட்டாள் நான்.

குளித்து முடித்ததும் அவள் என்னிடம் நெருப்பை அவிக்கச் சொன்னாள். கோட்டுப் பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்தாள். ஒரே திருகு. வெந்நீர் குபுகுபுவென்று தோட்டத்துக்குப் போயிற்று.

"ஏய், மரம் வெடி..."

"லாசார், எங்கப்பா என்ன வேலை பாத்தாரு?"

என் மாமனார் ஆயுள் முழுதும் பீப்பாய் கட்டியவர். எங்கள் நிலவறையில் இருக்கும் முட்டைக்கோஸ் பீப்பாய்கூட அவர் கட்டியதுதான். கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறேன்!

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன், ஈனக் குரலில்.

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. ஒரு வாரம் இருக்கட்டும்னு விட்டேன்" என்று சொல்லி, துணியில் சுற்றிய தொத்திறைச்சி ஒன்றை என் கையில் வைத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. மடியில் வைத்துக் கொண்டுவந்து, குளிக்கும்போது எனக்குத் தெரியாமல் அடுப்போரம் வைத்திருக்கிறாள்.

"இனிமே தினம் சாயங்காலம் நாங்க நாலு பேரும் வருவோம்" என்றாள். "தண்ணி காய ரொம்ப நேரம் ஆகும். அது வரைக்கும் உன் கை சும்மாதானே இருக்கும்?"

இப்போது பனி கொட்டுகிறது. நான் தொப்பி போட்டுக்கொண்டு தொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வால்நட் உடைக்கிறேன்.