சிங்கராஜாவின் சூப்பர் காரும் நாலு எலுமிச்சம்பழமும்

ஒரு காட்டில் ரோடே கிடையாது. ஆனால் அந்தக் காட்டுச் சிங்கராஜாவுக்கு சூப்பர் கார் வேண்டுமாம். சிரிக்காதீர்கள், கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஆசை பக்கத்துக் காட்டிலிருந்து வந்தது. அங்கே புலிராஜா ஒரு ஹைபிரிட் கார் வாங்கியிருந்தார். பெட்ரோலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். அதை எல்லை ஓரமாக ஓட்டி வந்து, புழுதி கிளப்பி, நாலு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போனார். அன்றைக்குச் சிங்கராஜாவுக்கு இரை இறங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை என்று மான்கள் கொடுத்த மனு மூன்று மாதமாகக் குகையில் கிடந்தது. அதற்கு யாருக்கும் இரை இறங்காமல் போகவில்லை.

ராஜா இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருத்தர் குள்ளநரி நவநீதன், டிசைன் தலைவர். வெளிக்காட்டில் படித்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார், வேறு யாரும் சொன்னதில்லை. இன்னொருத்தி அழுங்கு தவமணி. உடம்பெல்லாம் செதில், எறும்பு தின்கிற சாதுப் பிராணி. நிஜமாகவே எஞ்சினியர். அந்தக் காட்டில் வேலை தெரிந்தவர்கள் என்று தேடினால் அவள் ஒருத்திதான் தேறுவாள்.

“புலியோட வண்டி என் வண்டிகிட்ட பிச்சை வாங்கணும்,” என்றார் ராஜா. “ஆயிரம் குதிரை சக்தி வேணும். மேல ஒரு கீறல் விழக்கூடாது. தை மாசம் வெள்ளோட்டம். வண்டி நகரலைன்னா, தவமணி, அன்னிக்கு மத்தியானச் சாப்பாடு நீதான்.”

“நகரலைன்னா நவநீதன் சாருக்கு என்ன, ராஜா?”

“அவர் டிசைன்தானே பண்றார். அவருக்கு எதுக்குத் தண்டனை?”

நியாயம் பார்த்தீர்களா? அதுதான் ராஜநீதி.

நவநீதன் களிமண்ணில் ஒரு மாதிரி வண்டி செய்து கொண்டுவந்தார். முகம் ராஜாவின் முகம், பின்னால் இறக்கை ராஜாவின் பிடரி. அடியில் ஒரு தவளை நுழைய இடம் இல்லை.

“சார், தரைக்கும் வண்டிக்கும் நாலு விரல் இடைவெளிதான் இருக்கு,” என்றாள் தவமணி. “நம்ம காட்டுல வேர் இருக்கு, கல் இருக்கு, யானை லத்தி இருக்கு.”

“லத்தியைப் பத்திப் பேசுற இடமா இது? அழகைப் பாருங்கம்மா.”

“முன் மூடியைத் திறக்க வழி இல்லையே, சார்.”

“திறந்தா அங்க ஒரு கோடு தெரியும். மூஞ்சியில தழும்பு மாதிரி. ஒட்டிடுங்க.”

“உள்ளே கோளாறு வந்தா?”

“வராத மாதிரி செய்யுங்க. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க.”

ஒட்டியாயிற்று. வாய் இருக்கிறவன் டிசைன் செய்வான், கை இருக்கிறவன் ஒட்டுவான்.

தவமணி மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள். இருக்கைக்குப் பின்னால் எட்டு சிலிண்டர் எஞ்சின். முன் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மோட்டார். தரை மட்டத்தில் பேட்டரி. பிரேக் போட்டால் அந்த வேகம் வீணாகாமல் திரும்ப பேட்டரிக்குப் போய்ச் சேரும். கீறல் விழக்கூடாது என்று ராஜா சொன்னாரே, அதற்காகச் சுற்றிலும் சின்னச் சின்னக் கண்கள் வைத்தாள். சக்கரத்துப் பக்கம் எது வந்தாலும் அந்தக் கண் பார்த்துவிடும், பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். முயலை நிறுத்திப் பார்த்தாள், வண்டி நின்றது. கல்லை வைத்துப் பார்த்தாள், அதற்கும் நின்றது.

வற்றிய ஏரியில் ஓட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் கரண்டில் கிளம்பி, பாதியில் எஞ்சின் சேர்ந்துகொண்டு, நாரைகள் தலையைத் திருப்புவதற்குள் அக்கரைக்குப் போய் நின்றது. தவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த இடத்தில் மட்டும் நான் கிண்டல் செய்யப் போவதில்லை. அது நல்ல வண்டி.

வெள்ளோட்டம் வந்தது. திங்கட்கிழமை காலை. காடே கூடியிருந்தது. புலிராஜா சிறப்பு விருந்தினர். வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சோதிடர் கரடியார் நாலு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். புது வண்டி என்றால் பழத்தை நசுக்கித்தான் கிளம்ப வேண்டும். சைக்கிளுக்கும் அதுதான், சூப்பர் காருக்கும் அதுதான்.

ராஜா ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் அலறியது. மரத்திலிருந்து இலை கொட்டியது. வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. எதிரே திரையில் எழுத்து வந்தது: ‘தடை உள்ளது. வண்டி நகராது.’

“என்ன அண்ணே,” என்றார் புலிராஜா, “புகை நல்லா வருது.”

தவமணி குனிந்து சக்கரத்தடியைப் பார்த்தாள். முயலையும் கல்லையும் வைத்துப் பார்த்தவள், எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து எத்தனை வண்டிப் பூஜை பார்த்தவள்! அதிகம் படித்தால் இப்படித்தான், வீட்டில் நடப்பது மறந்துபோகும்.

“ராஜா, பழத்தை எடுத்துட்டா போயிடும்,” என்றாள்.

கரடியார் காதைப் பொத்திக்கொண்டார். “கற்பூரம் காட்டின பழத்தை எடுக்கறதா? வம்சத்துக்கே ஆகாது. ஏழரைக்கு ராகு காலம் வேற. அதுக்குள்ள வண்டி கிளம்பியாகணும்.”

“அப்ப அந்தக் கண்ணை அணை,” என்றார் ராஜா.

“அதோட சுவிட்ச் முன் மூடிக்குள்ள இருக்கு, ராஜா. நவநீதன் சார் ஒட்டச் சொல்லிட்டார்.”

“பழியை என் மேல போடாதீங்கம்மா,” என்றார் நவநீதன். “டிசைன்ல என்ன குறை? எல்லாரும் பார்த்துச் சொல்லட்டும்.”

எல்லாரும் பார்த்தார்கள். டிசைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். நகராத வண்டியைப் பார்க்க வசதிதானே.

ராஜா கீழே இறங்கி நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். மத்தியானம் வரை காத்திருக்கிற முகமாக இல்லை. தவமணி பயத்தில் உருண்டையாகச் சுருண்டுகொண்டாள், அழுங்கு ஜாதிக்கு அதுதான் வழக்கம். உள்ளே சுருண்டபடி யோசித்தாள். இடைவெளி போதாது என்றது உண்மை. மூடியை ஒட்டாதே என்றது உண்மை. பழத்தை எடு என்றதும் உண்மை. இத்தனை உண்மையில் ஒன்றாவது உயிரைக் காப்பாற்றியதா?

மெல்ல விரிந்து எழுந்து நின்றாள்.

“ராஜா, வண்டியில கோளாறு இல்லை. மேல உக்காந்திருக்கிறது யாருன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க ஏறின வண்டி கண்ட மண்ணுல உருளலாமா? புலிராஜா வண்டி உருளும், அது சாதாரண வண்டி. இது தோள்ல தூக்கிட்டுப் போறதுக்குன்னே செஞ்ச வண்டி.”

ராஜா புலிராஜாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

“இதை ஏன் முன்னாடியே சொல்லலை?” என்றார் ராஜா.

“வெள்ளோட்டத்தன்னிக்குச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன், ராஜா.”

நவநீதனுக்குத் திறந்த வாய் மூடவில்லை. இத்தனை வருஷம் அதே தொழிலில் இருந்தும் அவருக்கு இப்படி ஒன்று வாயில் வந்ததில்லை.

பதினாறு காட்டெருமைகளைப் பிடித்து வந்தார்கள். வண்டியைத் தூக்கினார்கள். “பழத்தை நாம எடுக்கலை, வண்டிதான் எழும்புச்சு. ரொம்ப விசேஷம்,” என்றார் கரடியார். ராஜா மேலே உட்கார்ந்துகொண்டு சத்தத்துக்காக ஆக்சிலேட்டரை மிதித்தார். புகை பின்னால் வந்த எருமைகளின் மூஞ்சியில் அடித்தது. இதைப் பார்த்த புலிராஜா, ஓடுகிற வண்டியில் வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு நடந்தே போனார்.

தவமணி தலைமை எஞ்சினியர் ஆனாள். முதல் வாரம் அவளுக்கு அவமானத்தில் எறும்பு இறங்கவில்லை. இரண்டாம் வாரம் இறங்கியது. மூன்றாம் வாரம் காட்டெருமை மாரப்பன் அவளைப் பார்க்க வந்தான். தோள் உரிந்து ரத்தம் கசிந்தது.

“அம்மா, எப்படியும் வண்டி ஓடப்போறதில்லை. அந்த எஞ்சினையும் பேட்டரியையும் கழட்டி வெச்சுட்டீங்கன்னா பாதி பாரம் குறையும். புண்ணு ஆற மாட்டேங்குது.”

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு குறையும் என்றுகூடத் தெரியும், எடை போட்டவளே அவள்தான்.

“எஞ்சின் இல்லாட்டி அது சூப்பர் கார் ஆகுமா, மாரப்பா?” என்றாள். “ஆயிரம் குதிரை சக்தியைச் சுமக்கிறோம்னு பெருமைப்படு. போ, ராஜா கிளம்பற நேரம்.”

நீதி: ஓடுகிற வண்டி செய்தால் எஞ்சினியர். ஓடாத வண்டிக்குப் பெருமை செய்தால் தலைமை எஞ்சினியர். இரண்டும் வராது என்றால், போய்த் தோளுக்கு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.